ரகசியம் யாருக்குச் சொந்தம்? – மருத்துவமனைப் பதிவேடுகள் குறித்துச் சில குறிப்புகள்

1

1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கின் பெயர் 'திரு.எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்'. வடகிழக்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு 1995இல் வருகிறார். நோயாளிக்காக ரத்தம் கொடுக்க முன்வருகிறார். தனியார் மருத்துவமனை ஒன்றில் எடுத்த பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிய வருகிறது. அந்த டிசம்பரில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தகவல் வெளியே போகிறது, கல்யாணம் நிற்கிறது, சொந்த ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கே குடிவந்துவிடுகிறார். ரகசியம் காக்க வேண்டிய மருத்துவமனை காக்கவில்லை என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தோற்றுப் போனார். அந்தரங்க உரிமை முற்றுமுழுதானதல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிர் வாழும் உரிமை அதைவிடப் பெரியது என்றது நீதிமன்றம். அதோடு விட்டிருக்கலாம். இப்படிப்பட்டவரின் திருமணம் செய்துகொள்ளும் உரிமையே 'நிறுத்தி வைக்கப்பட்ட உரிமை'தான் என்றும் சேர்த்துச் சொன்னது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமண உரிமை பற்றிய அந்தப் பேச்சு வழக்குக்குத் தேவையில்லாதது என்று ஒதுக்கியது. மருத்துவமனை செய்தது தப்பில்லை என்ற பகுதி அப்படியே நின்றது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் கவனிக்கச் சொல்வது அதன் தலைப்பை மட்டும். நோயாளியின் பெயரை மறைத்து 'எக்ஸ்' என்று போட்டது சரி. மருத்துவமனைக்கு எதற்கு 'இசட்'? அதற்கு என்ன நோய்? அதற்கு எந்தக் கல்யாணம் நின்றுபோகும்? பாதிக்கப்பட்ட மனிதனுக்குக் கொடுத்த அதே போர்வையை, அவன் யார்மேல் புகார் சொன்னானோ அந்த நிறுவனத்துக்கும் போர்த்திவிட்டது அந்தத் தலைப்பு. தனிமனித அந்தரங்கமும் நிறுவனத்தின் ரகசியமும் ஒரே எடையில் வைக்கப்படுகின்றன. நிறுவனத்தின் ரகசியம் கடைசிவரை தாக்குப் பிடித்தது. மனிதனுடையது வழக்குக்கு முன்பே போயாயிற்று.

நான் இக்கட்டுரையில் சொல்ல வருவது இதுதான்: நம் மருத்துவமனைகளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பது உண்மையில்லை. நன்றாகவே தெரியும். ஆனால் அவை நோயாளிக்காகக் காப்பதைவிட நோயாளியிடமிருந்து காப்பதே அதிகம்.

2

மருத்துவரின் ரகசியக் காப்பு என்றதும் ஹிப்போக்ரட்டீஸ் சத்தியப் பிரமாணத்தைச் சொல்வார்கள். சிகிச்சையின்போது பார்த்ததையும் கேட்டதையும் வெளியில் பேசமாட்டேன் என்று அதில் ஒரு வாசகம் இருப்பது உண்மை. அதே பிரமாணத்தில் இன்னொரு வாசகமும் இருக்கிறது: இந்தக் கலையை என் மகன்களுக்கும், என் குருவின் மகன்களுக்கும், பிரமாணம் எடுத்துக்கொண்ட சீடர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் கற்பிக்கமாட்டேன். முதலாவது நோயாளியின் ரகசியம். இரண்டாவது தொழிற்குழுவின் ரகசியம். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

சரக சம்ஹிதையில் மாணவனுக்குச் சொல்லப்படும் உறுதிமொழியிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. நோயாளி வீட்டு நடப்புகளை வெளியே சொல்லாதே என்கிறது. நோயாளிக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தாலும், அவருக்கோ மற்றவருக்கோ அதிர்ச்சி தருமென்றால் அங்கே அதைச் சொல்லாதே என்றும் சொல்கிறது. 2022இல் இந்தச் சரகர் உறுதிமொழியை மதுரை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எடுத்தார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. சமஸ்கிருதமா கிரேக்கமா என்று அடித்துக்கொண்டோம். அந்த எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் இரண்டு பிரமாணங்களிலுமே நோயாளி என்பவர் பேசப்படும் பொருளே ஒழியப் பேசுகிற ஆள் இல்லை என்பது நான் கவனித்தவரை அந்தச் சர்ச்சையில் விவாதிக்கப்படவில்லை.

நம் சித்த வைத்திய ஏடுகள் மட்டும் என்ன வாழ்ந்தது? பரிபாஷை என்கிற மறைமொழியில்தான் மருந்துச் சரக்குகளின் பெயர்கள் இருக்கும். குரு வாய் திறந்து சொன்னால்தான் புரியும். அந்தப் பரிபாஷை இன்றும் ஒழியவில்லை. அரசு மருத்துவமனை வார்டுக்குள் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். காச நோய்க்குக் 'காக்ஸ்' என்பார்கள். தொழுநோய்க்கு 'ஹேன்சன்ஸ்'. எச்.ஐ.வி.க்கு 'ரெட்ரோ'. "அந்தப் பதினாலாம் பெட் ரெட்ரோ பாசிட்டிவ்ப்பா, பாத்து" என்று ஒருவர் சொன்னால் டாக்டருக்குப் புரியும், நர்ஸுக்குப் புரியும், பெருக்குகிற ஆயாவுக்குப் புரியும், கேன்டீனிலிருந்து டீ கொண்டுவரும் பையனுக்கும் புரியும். பதினாலாம் படுக்கையில் கிடக்கிறவருக்கு மட்டும் புரியாது. ரகசியம் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஃபூக்கோ 1963இல் வெளியிட்ட 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் ஒரு மறைமுக ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். ஏழைக்கு இலவச சிகிச்சை கிடைக்கும். பதிலுக்கு அவன் தன் உடலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். அவன் உடலைப் பார்த்துக் கற்ற அறிவு பணக்காரனின் நோயைக் குணப்படுத்தப் பயன்படும். இதை ஐரோப்பியச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரு பெண்ணின் படுக்கையைச் சுற்றிப் பதினைந்து மாணவர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். "கூச்சப்படாதம்மா, எல்லாம் டாக்டருங்கதான்" என்பார்கள். மாணவர்கள் கற்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. "இவங்க பார்க்கலாமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கற்றுக்கொண்டால் மருத்துவ அறிவு குறைந்துவிடுமா என்பதுதான் கேள்வி. இலவசம் என்பதற்காகக் கேட்காமல் விடுகிறோம். தனியார் மருத்துவமனையின் ஏசி அறையில் இதே பெண்ணுக்குத் திரைச்சீலை உண்டு.

3

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்லி முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். ரகசியக் காப்பு பற்றிய நம் எண்ணம் இன்னும் இந்த நால்வருக்குள்தான் நிற்கிறது. இன்றைக்கு ஒரு ஓபி சீட்டின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். எத்தனை கை மாறுகிறது என்று எண்ணலாம்.

பதிவு கவுண்டர். பெயர், வயது, புருஷன் பெயர் அல்லது அப்பா பெயர், தெரு, போன் நம்பர். நம் ஊரில் தெருப் பெயர் கேட்பதும் சாதி கேட்பதும் பல இடங்களில் ஒன்றுதான். 'காலனி' என்று சொன்னால் வரிசையில் பின்னால் நிற்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கர்ப்பிணிப் பெண் என்றால் தாய்–சேய் பதிவேட்டில் சாதிப் பிரிவுக்கென்று தனிக் கட்டமே உண்டு.

அடுத்து டாக்டர் அறை. அறை என்று சொல்கிறோமே தவிர, மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், வாசலில் அடுத்த நாலு பேர், சில நேரம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. அத்தையை ஒரு மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, பக்கத்து ஸ்டூலில் இருந்த சின்னப் பெண்ணிடம் கேட்ட கேள்வி வராந்தா வரைக்கும் கேட்டது: "ஏம்மா, எத்தன நாளா தள்ளிப் போயிருக்கு?" அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல. "வாயத் தொறந்து சொல்லும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கல்ல" என்றார்கள். பின்னால் ஆட்கள் நிற்பதுதான் அவள் பிரச்சினை. அவள் தலைவலி என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்தரங்கம் இல்லாத இடத்தில் நோயாளி பொய் சொல்வார். அல்லது வரவே மாட்டார். ரகசியக் காப்பு என்பது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல, சிகிச்சையின் பகுதியும்கூட என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது லேப். ரிசல்ட் சீட்டுகளை ஒரு தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். அவரவர் சீட்டை அவரவர் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னுடையது கிடைப்பதற்குள் ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவைப் படித்துவிடலாம். அப்புறம் 'நம்பிக்கை மையம்'. எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர். நல்ல பெயர். ஆனால் பெயர் எதுவாக இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதை எதிர் பெஞ்சில் இருப்பவர் பார்த்தால் போதும். மருந்து வாங்கியவர்கள் லேபிளைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையை நோயாளி தன் நகத்தால் செய்துகொள்கிறார்.

பிறகு காப்பீடு. அறுவை சிகிச்சைக்கு அனுமதி வாங்க, படுக்கையில் கிடப்பவரை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய மொபைல், அந்தப் படம் அப்புறம் என்ன ஆகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. காப்பீட்டு நிறுவனம், இடையில் இருக்கும் முகமை, மென்பொருள் கம்பெனி, ஒப்பந்தத் தொழிலாளியான டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். இவர்களில் யாரும் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் பிரமாணம் எடுத்தவர்கள் இல்லை.

இத்தனை கை மாறிய அந்தக் காகிதத்தை நோயாளி திரும்பக் கேட்டால் என்ன நடக்கிறது? "கேஸ் ஷீட்டெல்லாம் தரமாட்டோம், கோர்ட் ஆர்டர் இருந்தா கொண்டா." இத்தனை நேரமும் திறந்து கிடந்த கதவு அப்போதுதான் மூடுகிறது.

4

இந்தத் தலைகீழ் நிலை என்ன விலை கேட்கும் என்பதற்கு 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்த வங்கியின் பரிசோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும், படவில்லை. செய்திகளில் பிறகு வெளிவந்த விவரம் இன்னும் கொடுமையானது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை ரத்த தானம் செய்திருக்கிறார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. அவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் நல்லெண்ணத்தோடு ரத்தம் கொடுக்கிறார். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் விஷயம் அவருக்குத் தெரிகிறது. தெரிந்ததும் தானே போய் மருத்துவமனையில் சொல்கிறார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. பதிவேடு செய்யத் தவறியதை அந்த இளைஞர் செய்தார். விஷயம் ஊரெல்லாம் செய்தியானது. அவர் விஷம் குடித்தார்; டிசம்பர் முடிவதற்குள் இறந்துபோனார்.

இரண்டு வருஷம் ஒரு தகவல், அதற்கு உரியவரிடமிருந்து ரகசியமாக இருந்தது. பிறகு ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. இடையில், அவர் மட்டும் தெரிந்துகொண்டு, ஆலோசனை பெற்று, மருந்து எடுத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தானே முடிவு செய்கிற காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தரங்கம் என்று நான் சொல்வது அந்தக் காலத்தைத்தான். அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலம் கிடைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் தொற்று வந்திருக்காது. நோயாளியின் அந்தரங்கமும் மற்றவரின் பாதுகாப்பும் எதிரெதிர் என்று 1998 தீர்ப்பு வைத்த தராசு, சாத்தூரில் உடைந்துபோகிறது.

இதற்கு ஒரு முன்கதையும் சென்னையிலேயே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அது முக்கியமான கண்டுபிடிப்பு, அதன் பலன் பெரியது. ஆனால் ரத்த மாதிரிகள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டன? காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடமிருந்து. எதற்கான பரிசோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியான ஒரு விஷயத்தைத் தங்கள் உடம்பில் வைத்திருந்தவர்கள் அவர்கள். பின்னால் இதே சென்னையில் தொற்றுள்ள பெண்களைக் காப்பகத்திலேயே பூட்டி வைத்ததும், வழக்குப் போட்டு அவர்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்ததும் நடந்தது. யாரிடம் கேட்காமல் ரத்தம் எடுக்கலாம், யாரைப் பூட்டலாம் என்பது நோயை வைத்துத் தீர்மானமாவதில்லை.

5

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. செயல்வீரர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள்: உள்நோயாளியின் பதிவேடுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு மருத்துவர் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கோர்ட் ஆர்டர் தேவையில்லை. தொழில் மூலம் அறிந்த ரகசியத்தை வெளியிடக் கூடாது. விதிவிலக்கு மூன்று: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அறிவிக்கை செய்யப்பட்ட தொற்று நோய்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தையும், தன் பதிவேட்டைத் தானே பார்க்கும் உரிமையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் 1998 தீர்ப்புக்கு ஒரு பதில் மாதிரி இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை கூடாது. இணையருக்குச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் நோயாளியே சொல்வதற்கு ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியான பிறகு, சொல்லப்போகிறேன் என்று அவரிடமே தெரிவித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. ரகசியம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதை ஒரு இந்தியச் சட்டம் புரிந்துகொண்ட அபூர்வமான இடம் இது.

என்னை மிகவும் கவர்ந்தது கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் 2003இல் வந்த ஒழுங்குமுறை விதி. பெண்ணின் பெயர் ஒரே ஒரு சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் இருக்க வேண்டும். அது ரகசிய ஆவணம். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர், பிற்பாடு வரும்போது கொண்டுவரும் அட்டை என மற்ற எல்லாவற்றிலும் பெயர் கூடாது. வரிசை எண் மட்டும்தான். 2021இல் செய்த திருத்தம் பெயரை வெளியிடுவதற்குத் தண்டனையையும் சேர்த்தது. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்று வந்தால், போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அந்தப் பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிக்கு வராமல் வேறு எங்கோ போய் உயிரைவிடும் ஆபத்தில் மாட்டுகிறார்கள். அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்றது தீர்ப்பு.

பெயரையும் நோயையும் பிரித்து வை. ஒரு எண் இரண்டையும் இணைக்கட்டும். அந்த எண்ணின் சாவி ஒரே இடத்தில் இருக்கட்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு நோட்டும் பூட்டும் போதும். கருக்கலைப்புக்கு முடிந்தது மற்ற நோய்களுக்கு ஏன் முடியாது?

6

நோட்டுக்குப் பதில் சர்வர் வந்துவிட்டதால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டன. சுமார் இரண்டு வாரம் சீட்டெழுதித்தான் ஓபி நடந்தது. லேப் தட்டில் கிடக்கும் சீட்டை ஒரு ஊர்தான் படிக்கும். சர்வர் திறந்தால் எல்லை கிடையாது. 2021 செப்டம்பரில் தொடங்கிய டிஜிட்டல் ஹெல்த் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தருகிறது. ஒப்புதல் இல்லாமல் எதுவும் பகிரப்படாது என்கிறார்கள். காய்ச்சலோடு வரிசையில் நிற்பவரிடம் "இத ஸ்கேன் பண்ணா டோக்கன் சீக்கிரம் கெடைக்கும்" என்று சொல்லி வாங்கும் ஒப்புதல் எந்த வகை ஒப்புதல்?

கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தகரம் வைத்துத் தெருவை அடைத்தார்கள். 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரி பேரிடர் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டாலன்றி அப்படி ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் ஒட்டவேண்டிய வீடுகளில் எல்லாம் ஒட்டியாகிவிட்டது.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தரவுகளைக் கையாளும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. இச்சட்டம் மருத்துவத் தகவலை மற்றத் தகவல்களைவிடக் கூடுதல் பாதுகாப்புக்குரியது என்று தனியாகப் பிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு வேலையைச் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால் அது பொதுப்பணியோடு தொடர்பில்லாதது என்றாவது காட்ட வேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்று சொன்னாலே போதும். பொதுநலன் இருந்தால் தரலாம் என்கிற வேறொரு பிரிவு மிச்சமிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த டாக்டர் எத்தனை நாள் வந்தார் என்று கேட்பவருக்கு 'தனிநபர் தகவல்' என்று ஒருவரிப் பதில் எழுத வழி பிறந்துவிட்டது. மறுபடியும் 'இசட்'. மனிதனின் அந்தரங்கம் என்ற பெயரில் நிறுவனம் தன்னைப் போர்த்திக்கொள்கிறது.

7

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: அந்தரங்கம் என்பதே நடுத்தர வர்க்கத் தனிமனிதவாதம் இல்லையா? பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கும் இடத்தில் என்ன அந்தரங்கம்? நோய் ஊர் விஷயம், பத்துப் பேருக்குத் தெரிந்தால்தானே பத்துப் பேர் உதவ வருவார்கள்?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 'ஊர்' யார் என்று பார்க்க வேண்டும். உதவ வரும் அதே ஊர்தான் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கச் சொல்வதும். 1998இல், எக்ஸ் வழக்கின் தீர்ப்பு வந்த அதே வருஷம், சென்னையில் தொற்றுள்ள பெண்கள் கூடித் தங்களுக்கென்று 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைத்தார்கள். மேடையேறி, எனக்குத் தொற்று இருக்கிறது என்று சொன்ன பெண்கள் அந்தரங்கத்துக்கு எதிரானவர்கள் இல்லை. தானே சொல்வது வேறு, தன்னைக் கேட்காமல் சொல்லப்படுவது வேறு. முன்னதுதான் அரசியல். எப்போது, யாரிடம், எந்த மொழியில் சொல்வது என்ற முடிவு நோயாளியின் கையில் இருந்தால்தான் அந்த அரசியலே சாத்தியம்.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. அகப்பாட்டில் மாந்தரின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயரைச் சொன்னால் அது புறமாகிவிடும். தமிழில் 'அந்தரங்கம்' வடசொல்லாக இருக்கலாம், அந்த உணர்வு இரவல் இல்லை. இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் கர்ப்பப்பையும் சித்தப்பாவின் மனநோயும் ஊர்ப்பெயர், தெருப்பெயரோடு யதார்த்தம் என்ற பெயரில் நம் கதைகளில் வந்துகொண்டிருக்கின்றன. மருத்துவமனையைக் கேட்கும் கேள்வியை நம் பிரதிகளையும் நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோரிக்கைகளாகச் சொன்னால் இவை: ஓபியில் பெயரைக் கூவாமல் எண்ணைக் கூப்பிடுங்கள். டாக்டர் மேஜையைச் சுற்றி ஒரு திரை போடுங்கள். ரிசல்ட்டை உறையில் வைத்துக் கையில் கொடுங்கள். கேஸ் ஷீட்டின் வெளியட்டையில் நோயின் பெயரோ குறியோ வேண்டாம். ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோரிடமும் எழுத்துமூலம் உறுதிமொழி வாங்குங்கள். அதை மீறினால் மருத்துவமனை பொறுப்பேற்கட்டும். கம்ப்யூட்டரில் என் பதிவை யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியல் எனக்குக் கிடைக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டு தமிழிலும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை நீங்களோ உங்கள் வீட்டாரோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், வெளியே வரும் நாளில் ஒரு வெள்ளைத் தாளில் 'என் மருத்துவப் பதிவேடுகளின் நகல் வேண்டும், 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள்' என்று எழுதிக் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.